நான் ஒளித்து வைத்த இலைக் குப்பை

எனக்குக் கோபம் வந்தால் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு காணியில் இறங்கிவிடுவேன். பேசுவதைவிடக் கொத்துவது சுலபம். கல்யாணத்துக்கு முன்பு எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் சுரண்டி பிடித்துப் புல் செதுக்கியவள் நான். தேயிலைக்கு அடியில் ஒரு புல் தெரிந்தால் கங்காணி சத்தம் போடுவார். என் நிரையில் அவர் வாய் திறந்ததே இல்லை. அந்தக் கர்வத்தோடுதான் இரத்தோட்டைக்குக் கீழே எங்கள் அரை ஏக்கர் சரிவுக்கு வாழ வந்தேன்.

அந்தக் காணியைத்தான் கொத்தவே கூடாது என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ விவசாய வகுப்புக்குப் போய்விட்டு வந்து.

"கொத்துறதாலதான் மழைக்கு மண்ணு ஓடுது. குழி போட்டு வெதைய மட்டும் வைப்போம். மேல வேலிக் கிளிரிசீடியா எலைய வெட்டிப் பரப்பிருவோம். அது மக்கி மண்ணுக்கே சாப்பாடாயிரும்."

"அகல உழுறதவிட ஆழ உழுன்னு சொன்னவங்க என்ன பைத்தியமா?"

"அவங்க இந்தச் சரிவப் பாத்ததில்ல புள்ள."

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு காணியைப் பாதியாகப் பிரித்தோம். பாதையோரப் பாதி அவருக்கு; கொத்தாமல், இலை மூடி. வீட்டுக்குப் பின்னால் உள்ளது எனக்கு. கொத்தி, வழித்துத் துடைத்து. இரண்டிலும் போஞ்சி விதை. பொங்கலுக்குள் யார் பாதியில் கூடுதலாகக் காய்க்கிறதோ, இனி காணி அவர் சொல்படி. தோற்றவர் சித்திரை வரை மலையடி ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் தூக்க வேண்டும். தண்ணீர் கிடக்கட்டும், மம்பட்டி என் கையை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் என் பயம். அதைத் தவிர எனக்கு வேறு கெட்டித்தனம் எதுவும் கிடையாது.

கார்த்திகையில் முருகன் சப்பறத்தில் எங்கள் பாதையால் வருவார். வழிநெடுகக் கூட்டித் தெளித்து வைப்பது வழக்கம். அந்த நேரம் பார்த்து இவர் நாவுலயில் தங்கை வீட்டுக்குப் போனார். வழியில் ஏதோ பிரச்சினை என்று பஸ் நின்றுபோய், இரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் அது அடிக்கடி நடப்பதுதான்.

நான் பாதையில் நின்று அவருடைய பாதியைப் பார்த்தேன். சாமி வருகிற வழியில் அழுகல் இலையும் குச்சியும். பின்னால் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் வருமே, சுரண்டிக்காரி வீட்டு லட்சணத்தைப் பார் என்று சிரிக்காதா? விளக்குமாற்றை எடுத்து ஒரு இலை விடாமல் வாரினேன். கொளுத்திப் பார்த்தேன், ஈரத்தில் எரியவில்லை. சாக்கில் கட்டிக்கொண்டு போய் என் போஞ்சி வரிசைகளுக்கு நடுவே கொட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் பின்பக்கம் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

சாமி வந்தார், போனார். மறுநாள் பின்னேரம் கொட்டிய மழையில் வீட்டுக்காரர் பாதியிலிருந்து மண் கரைந்து பாதைக்கு வந்தது. திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார்.

"சாமி வந்துச்சில்ல, கூட்டிட்டேன்" என்றேன்.

"சரி" என்றார். எங்கே கொட்டினாய் என்று கேட்கவில்லை.

மார்கழியில் பல நாள் மழையே இல்லை. அவர் செடிகள் வாடிப் பூ உதிர்த்தன. என் செடிகள் கூடை கூடையாகக் காய்த்தன. பொங்கலன்று அவர் மறுபேச்சில்லாமல் குடத்தைத் தூக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பிறகு அடுத்த போகத்துக்குக் கொத்தலாம் என்று மம்பட்டியோடு இறங்கி இலையை ஒதுக்கினேன். அடியில் மண் கறுத்து, ஆறின புட்டு மாதிரி உதிர்ந்தது. எங்கு பார்த்தாலும் மண்புழு. இலை எட்டாத கடைசி வரிசையும் நான் கொத்தியதுதான். அது மட்டும் காய்ந்து கட்டி தட்டிக் கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் குடத்தோடு ஏறி வந்தார்.

"ஏங்க, கொடத்த எறக்குங்க. ஜெயிச்சது ஒங்க எலைதான்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"நாவுலயிலருந்து வந்த அன்னைக்கே பின்னால போயி பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கோவத்துல அதையும் வாரிக் கொட்டியிருப்ப."

உண்மைதான், கொட்டியிருப்பேன். குடத்தைப் பிடுங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். சித்திரை வரை நான்தான் தண்ணீர் தூக்கினேன்.

கோபம் மட்டும் போகவில்லை. இப்போதும் வந்தால் காணிக்குத்தான் போகிறேன். மம்பட்டிக்குப் பதில் கத்தியோடு போய்க் கிளிரிசீடியாக் கிளைகளை வெட்டித் தள்ளுகிறேன். எங்கள் காணிக்கு இலைப் பஞ்சம் வந்ததே இல்லை.