பிரேக் பிடிக்காத வண்டியில் பால்ராஜோடு

பால்ராஜ் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் போன் செய்தாள். "அங்கிள்… அப்பா…" என்றாள். காபி குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தவன்தானாம்.

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. ஒரகடத்தில் ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருந்தவன். கேட், கிரில், லாரி பாடி வேலை. 1991-ல் அதை அவனும் நானும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம்.

அதற்கு முன்னால் மறைமலை நகரில் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். நான் வெல்டர், அவன் மெயின்டனன்ஸ். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டோம். அன்றைக்கு வீட்டுக்குப் போகவே எனக்குப் பயம்…

ஷெட் என்றால் நாலு தூண், மேலே ஷீட், ஒரு வெல்டிங் மெஷின். சுற்றிலும் அப்போது வயல்தான். யார் வந்து நம்மிடம் கேட் செய்யச் சொல்வார்கள் என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் அவன் ஒரு பழைய வேனை இழுத்துக்கொண்டு வந்தான். முன்னால் கேபின், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. அவன் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் மூடிக்கிடந்த ரைஸ் மில்லுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது.

"நமக்குன்னு ஒரு வண்டி வோணும்டா. எத்தினி நாளிக்கு வாடகை லாரிக்காரன் பின்னாடி சுத்துவே?"

கிரில் கேட்டு ஆள் வந்து நிற்கும். இவன் வேனுக்கு அடியில் படுத்திருப்பான், கால் மட்டும் தெரியும். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி எஸ்தர் நேராகவே கேட்டுவிட்டாள். "கடைய இப்பத்தான் தொறந்துகீறே. இந்த வண்டியயும் கட்டினு அழுவுறே. ரெண்டும் ஓடலன்னா நானும் கொழந்தயும் எங்க போறது?"

அவன் பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடினான். அவனுக்கும் பயம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு முதல் பெரிய ஆர்டர் வந்தது. மறைமலை நகர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபேக்டரிக்கு மெயின் கேட். இரண்டு கதவு, நல்ல கனம். சாயங்காலத்துக்குள் கேட் நிற்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து வாடகை லாரி வரவில்லை.

வேன் ஏறக்குறைய ரெடி. பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. பிரேக்குக்குப் புது பைப் போட்டு, காலி வண்டியை ஷெட்டைச் சுற்றி ஓட்டியும் பார்த்திருந்தான்.

"லோடு வெச்சு ஓட்டிப் பாக்கலியேடா" என்றேன்.

"பாத்துப் போலாம் ஏறு. வேற வழி இன்னா கீது, சொல்லு?"

கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ், சைக்கிள்காரர்கள், தலையில் புல்லுக்கட்டோடு நாலைந்து பெண்கள்.

பால்ராஜ் பிரேக்கை மிதித்தான். பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது.

திரும்ப மிதித்தான். ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்தான், வண்டி அலறியது. ஆனால் பின்னால் இருந்த இரும்பு தள்ளிக்கொண்டே வந்தது. ஒரு புல்லுக்கட்டுக்காரி திரும்பி எங்களைப் பார்த்தாள்… அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"டேய்! டேய்! கீழ குந்து! கீழ குந்துடா!"

நான் சீட்டுக்குக் கீழே சுருண்டேன். அவன் இடது பக்கம் ஒடித்து வயலில் இறக்கினான். கயிறு அறுந்து, ஒரு கதவு கேபினின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. என் தலை இருந்த இடத்தைத் தாண்டி, முன்கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு போய் நின்றது.

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவனால் குனிய முடியவில்லை. கதவின் விளிம்பு அவன் தோள்பட்டையை நொறுக்கிவிட்டது.

சேற்றில் வண்டி நின்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "ரயில் கேட்டாண்ட யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

யாருக்கும் ஒன்றும் இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் மெதுவாகச் சொன்னான். "பயத்துல உன் பேரே மறந்துபோச்சு மச்சான். எவ்ளோ யோசிச்சும் வர்ல. அதான் டேய் டேய்னு கத்தினேன்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆனால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. பழைய கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று நான் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

கட்டுப் பிரித்து அவன் ஷெட்டுக்கு வந்ததும் நேராக அந்த நசுங்கின வேனிடம்தான் போனான். மறுபடியுமா?

கேபினுக்குப் பின்னால் டேப் வைத்து அளந்தான். "இங்க கனமா ஒரு தடுப்பு போடுடா. லோடு சரிஞ்சாலும் உள்ள வரக்கூடாது." அவனால் இடது கையைத் தூக்க முடியாது. அவன் சொல்லச் சொல்ல நான் வெல்டிங் வைத்தேன்.

ரோட்டில் டீ குடிக்க நிறுத்திய ஒரு லாரி டிரைவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம வண்டிக்கும் இதே மாதிரி போட்டுக் குடுப்பியா?" என்றார். அடுத்த வாரம் அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். எங்கள் ஷெட் ஓட ஆரம்பித்தது அப்படித்தான்.

வேனை முழுசாக முடிக்க அவனுக்கு ரொம்ப நாள் ஆனது. முடித்த பிறகும் லோடு ஏற்றினால் அவன் ஓட்ட மாட்டான், டிரைவர் போட்டுக்கொள்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ரயில்வே கேட் வரும்போது பால்ராஜ் கை என் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் பிள்ளைப்பாக்கத்தில் அடக்கம். பஸ் ஏறிவிட்டேன். எஸ்தர் என்னைப் பார்த்ததும், அன்றைக்கு ஷெட்டில் அவனிடம் கேட்ட மாதிரி, என்ன கேட்பாளோ… அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

போய் வாடா, மச்சான்.