அரைக்கால் பங்குக்காரனின் சைக்கிள்

அன்று கிணற்று மேட்டில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு யாராவது, நான் அந்தப் பக்கமே வரவில்லை என்று சாதிப்பார்கள். பெரிய பங்காளி, அவர் மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன். நடுப் பங்காளி, அவர் மனைவி, ஐந்து வயதில் இரட்டைப் பையன்கள். கடைசிப் பங்காளியான நான், என் மனைவி, மூன்று வயது மகள். மொத்தம் பதினொரு பேர். கமலை ஏற்றத்தில் பூட்டியபடியே நின்ற இரண்டு எருதுகளையும் சேர்த்தால் பதின்மூன்று. எருதுகள் மட்டும்தான் பேசாமல் இருந்தன.

சண்டை ஒரு தகர மேளத்தால் வந்தது. பெரியவர் ராசிபுரம் சந்தையில் தன் மகனுக்கு அதை வாங்கினார். இரட்டையரில் ஒருவன் அதன் மேல் ஏறி நின்று பார்த்தான்; கால் உள்ளே போய்விட்டது. பதிலுக்குப் பெரியவர் மகன் இரட்டையரின் பம்பரங்கள் இரண்டையும் கிணற்றில் போட்டான். பிள்ளைகள் அரை நாழிகையில் மறந்துவிட்டார்கள். தாய்மார்கள் மறக்கவில்லை. மூன்று நாள் சண்டை வளர்ந்து, நான்காம் நாள் பெரியவர் ஏற்றத்தை நிறுத்திவிட்டு, கிணற்றைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கிணற்றில் எங்கள் முறை நான்கு நாளுக்கு ஒரு சுற்று. பெரியவருக்கு இரண்டு நாள், நடுப் பங்காளியான நடுவருக்கு ஒன்றரை நாள், எனக்கு அரை நாள். எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால். அரைக்கால் கிணற்றை எப்படிப் பிரித்து வாங்குவது? பெரியவரும் நடுவரும் ஆளுக்கொரு புதுக் கிணறு வெட்டிக்கொள்வார்கள். என்னிடம் இருந்தது மிளகாய் நாற்று நட்ட ஒரு துண்டு நிலம். அந்த அரை நாள் தண்ணீர் நின்றால் நாற்று நிற்காது, நாற்று நிற்காவிட்டால் நாங்களும் நிற்க மாட்டோம்.

அப்போது என் மனைவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "கெணறு பொதுவா இருக்கறப்ப பொம்மையும் பொதுவா இருந்துட்டுப் போகுட்டுமேங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். நடுவர் எருதைத் தடவினார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே விளையாட்டுச் சாமான். காசும் கிணற்றுக் கணக்குப்படி, முறையும் கிணற்றுக் கணக்குப்படி. இதிலும் சண்டை வந்தால் மறுநாளே கிணற்றைப் பிரித்துவிடுவது. பெரியவர் நான்கு ரூபாய், நடுவர் மூன்று ரூபாய், நான் நெய் விற்ற காசுப் பானையிலிருந்து ஒரு ரூபாய். சேலம் போய் வாங்கி வரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "பயந்தவன் வாங்குனா பழுது இருக்காது" என்றார் பெரியவர்.

நான் பயந்தவன்தான், மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டதற்குக் காரணம் அதன் கூரை விழுந்துவிடும் என்று எனக்குப் பட்டதுதான். அந்தக் கூரை இன்று வரை விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால்?

சேலம் கடைவீதியில் பொம்மைக் கடைக்காரர் முதலில் சிரித்துக்கொண்டுதான் எடுத்துக் காட்டினார். கிலுகிலுப்பையைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கொட்டை வெளியே வந்தால் என் மகள் விழுங்கிவிடுவாள். வர்ணம் பூசிய மரக் குதிரையின் காதை நானே வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தேன். கடைக்காரர் கண்ணாடியை நீட்டினார். நாக்கு வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது. தகர ஊதல் உதட்டைக் கிழிக்கும். பம்பரத்தின் ஆணி கண்ணைப் பார்த்தே சுற்றுகிறது. படுக்க வைத்தால் கண்ணை மூடும் சீமைப் பொம்மை ஒன்று இருந்தது. எடுத்து நிறுத்தியதும் அது சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் நானே இரண்டடி பின்னால் போனேன்.

"ஏனுங்க, பொம்மை வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

பிறகு அவரே பொறுமையாக ஒரு பெட்டியைத் திறந்தார். எழுத்துகள் எழுதிய சின்னச் சின்ன மரக் கட்டைகள். பிள்ளைகள் அடுக்கி விளையாடும், விளையாட்டோடு படிப்பும் வந்துவிடும் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எனக்கு வராத படிப்பு என் மகளுக்குக் கட்டையிலாவது வரட்டுமே. ஆனால் எண்ணிப் பார்த்தேன்: முப்பதுக்கு மேல் கட்டைகள். ஒன்று தொலைந்தால் ஒரு சண்டை. முப்பது சண்டைக்குக் கிணறு தாங்காது. அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கும் சாமான் ஒரே உருப்படியாக இருக்க வேண்டும். விழுங்க முடியக் கூடாது. மேலே ஏறி நின்றால் உடையக் கூடாது. பிள்ளைகளால் தூக்கிக் கிணற்றில் போட முடியாத கனம் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று நான்கு கடை தள்ளி, சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் நின்றது. சிவப்பு நிறத்தில், மூன்று சக்கரத்தில், மணி வைத்த சின்ன சைக்கிள். மாற்றலாகிப் போன யாரோ ஓர் அதிகாரி வீட்டுப் பிள்ளையுடையதாம். பன்னிரண்டு ரூபாய் சொன்னார்கள். நான் அதன் கைப்பிடியை ஆட்டினேன், சக்கரத்தில் விரலை விட்டேன், அதுவும் போதாமல் நானே ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அப்படியே தெருவில் ஒரு சுற்று மிதித்தேன். பொம்மைக் கடைக்காரர் தன் கடையை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பயந்து பயந்து நடந்தவன் நான். மூன்று சக்கரத்தில் உட்கார்ந்ததும் விழவே முடியாது என்று தெரிந்தது. இன்னொரு சுற்றும் மிதித்தேன். மணியும் அடித்தேன்.

"கொழந்தைக்குங்களா, உங்களுக்குங்களா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"எனக்கில்லீங்க. எங்க கெணத்துக்குங்க" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் சிரித்த சிரிப்பில் எட்டு ரூபாய்க்கு இறங்கிவிட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் அதை மேலே ஏற்றச் சொன்னார். மேலே கட்டினால் கயிறு அறுந்து விழும், பின்னால் வரும் வண்டிமாடு மிரளும், மாடு மிரண்டால் வண்டி கவிழும் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டு, அவர் என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ராசிபுரம் வரும்வரை பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் டிரைவர், யாரோ இறங்க வேண்டுமாக்கும் என்று வண்டியை நிறுத்தினார். நான்காவது முறைக்குப் பிறகு பின்னால் இருந்த ஒருவர் தன் துண்டை எடுத்து மணியைக் கட்டிவிட்டார்.

தோட்டத்துக்கு வந்து இறக்கியதும் களம் திருவிழாவானது. பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள், சைக்கிள் தாங்கியது. பெரியவர் பின்னால் நின்று தள்ளினார், நடுவர் முன்னால் நின்று இழுத்தார். இத்தனை நாளாக முகம் கொடுத்துப் பேசாத தாய்மார்கள் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் மட்டும் என் தலைப்பாகையை அவிழ்த்து மகளின் தலையில் நாலு சுற்று சுற்றிவிட்டு, கையில் ஒரு தலையணையோடு பின்னாலேயே ஓடினேன். எங்கே விழுகிறாளோ அங்கே போடுவதாக எண்ணம். அவள் விழவில்லை. நான் இரண்டு முறை விழுந்தேன், தலையணையின் மேல்.

மறுநாள் பொழுது கிளம்பும்போது முறை ஆரம்பித்தது. தண்ணீர் யாருக்கோ அன்றைக்கு சைக்கிளும் அவருக்கு. இதைவிட நியாயம் உண்டா? மூன்று பங்காளிகளும் அப்படித்தான் நினைத்தோம். தண்ணீர் முறை வருகிற நாளில் வீட்டில் உள்ள எல்லாருக்கும் தோட்டத்தில் வேலை இருக்கும், பிள்ளைகள்தான் பாத்தி பாத்தியாக மடை மாற்றி விடுவார்கள் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதாவது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்று சைக்கிளோ அந்தப் பிள்ளைக்கு அன்று ஓய்வில்லை. ஓய்வாக இருக்கும் பிள்ளைகளுக்கு சைக்கிள் இல்லை.

முதல் நாள் அது சும்மா நின்றது. இரண்டாம் நாள் பெரியவர் மகன் மடையை ஒரு பாத்தியில் திறந்து விட்டுவிட்டு சைக்கிளுக்குப் போய்விட்டான். அவன் களத்தை முப்பது சுற்று சுற்றி முடிப்பதற்குள் தண்ணீர் பாத்தி நிறைந்து, வரப்பை உடைத்து, நடுவர் புதிதாக விதைத்திருந்த கம்பங்காட்டில் போய் நின்றது.

நடுவர் மனைவி வரப்பில் நின்று, கம்பு வெதச்சா நெல்லு மொளைக்கும் போல இருக்குது, பெரிய ஊட்டுத் தண்ணிக்கு அத்தனை ராசி என்றாள். பெரியவர் மனைவி சும்மா இருப்பாளா? தண்ணீரைக் கேட்டு வாங்குகிறவர்கள் மத்தியில் சும்மா கிடைத்ததற்குச் சலித்துக்கொள்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள். பெரியவர் ஏற்றத்தை நிறுத்தினார். எருதுகள் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குக் கோர்ட்டு வாசல் தெரிந்தது.

சாமான் இருந்தால்தானே சண்டை? சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தேன். பிள்ளைகளால் தூக்க முடியாது என்றுதான் பார்த்து வாங்கினேன். என்னால் முடியும் என்பதை யோசிக்கவில்லை. மேட்டில் ஏறும்போது பெரியவரின் மகள், அந்தப் பத்து வயதுக்காரி, குறுக்கே வந்து நின்றாள்.

"சித்தப்பா, அதைக் கீழ வெய்யுங்க. ஆருக்குத் தண்ணி இல்லியோ அவங்களுக்குச் சைக்கிள். நாங்க நேத்தே பேசி வெச்சுட்டோம்" என்றாள்.

பிள்ளைகள் ஐந்து பேரும் முதல் நாளே கூடிப் பேசியிருக்கிறார்கள். பெரியவர் வீட்டுத் தண்ணீர் நாளில் இரட்டையரும் என் மகளும் மாறி மாறி ஓட்டுவது. நடுவர் நாளில் பெரியவர் பிள்ளைகளும் என் மகளும். என் அரை நாளில் மற்ற இரண்டு வீடும். அவள் தம்பிக்குத்தான் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்து, ஓர் அரை நாளுக்கு ஒரு கூழாங்கல்லாக, ஓட்டக் கிடைக்கும் நேரத்தை வைத்துக் காட்டினாள். பெரியவர் வீட்டுக்கு நான்கு கல். நடுவர் வீட்டுக்கு ஐந்து. என் மகளுக்கு ஏழு.

எல்லாரும் கற்களைப் பார்த்தோம். நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். இரட்டையரில் சின்னவன் என் மகளின் கற்களில் ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைக்கப் பார்த்து, அவளிடம் அடி வாங்கினான். முதலில் சிரித்தவர் நடுவர்.

"அரைக்கால் பங்குக்காரரு முக்காலே அரைக்கால் ஓட்டறாரு, எட்டுல ஏழு, பாத்தீங்களாண்ணா" என்றார். சிரிப்பு அடங்கியதும் காசுக்கு வந்தார். தண்ணீருக்குத் தகுந்த காசு போட்டோம், ஓட்டத்துக்குத் தகுந்த காசு வேண்டாமா? பெரியவர் மகள் உடனே கூட்டிச் சொன்னாள்: பதினாறு கல், எட்டு ரூபாய், கல்லுக்கு அரை ரூபாய், எட்டணா. அவள் அப்பா போட வேண்டியது இரண்டு ரூபாய், போட்டதோ நான்கு. நடுவர் போட வேண்டியது இரண்டரை, போட்டது மூன்று. நான் போட வேண்டியது மூன்றரை, போட்டது ஒன்று.

எனக்குக் காசுக் கணக்கு காதில் ஏறவே இல்லை. பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றைப் பிரிப்பதா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"எதுக்குப் பிரிக்கோணும்? அதான் புள்ளைங்க பிரிச்சுட்டாங்களே" என்றார் அவர். பிறகு எருதுகளைத் தட்டினார். ஏற்றம் கிறீச்சிட்டுக் கிளம்பியது. சைக்கிளைத் தோளில் வைத்தபடியே நான் களத்தை ஒரு சுற்று ஓடினேன். பின்னால் பிள்ளைகள் ஐந்து பேரும் இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார்கள்.

நடுவருக்குச் சேர வேண்டிய எட்டணாவை அந்த வாரமே நெய்யாகக் கொடுத்துவிட்டேன். மிளகாய் பழுத்து, சேந்தமங்கலத்தில் விற்று வந்த அன்று, பெரியவருக்குச் சேர வேண்டிய இரண்டு ரூபாயில் ஒரு ரூபாய் இரண்டணா கொடுத்தேன். மீதியை அடுத்த மாதம் கொண்டுபோனபோது அவர் கையை நீட்டவில்லை. "அது கெடக்கட்டும் தம்பி. பாக்கி வெச்சிருக்கறவன் பங்கு பிரிக்கக் கேக்க மாட்டான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை மடியில் முடிந்துகொண்டு போய்ப் பார்த்தேன். வாங்க மறுத்துவிட்டார். வாங்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் போனேன். பெரியவருக்கு நான் இன்னும் தர வேண்டியது பதினான்கு அணா.