டிலேயும் டிடெயினும்

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கரி வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய என் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். யுத்தக் காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில்தான் ஓட்டினார்கள். ஏறி இறங்கினால் தலைமுடியெல்லாம் இதே வாசம்.

அப்போது எங்கள் வீடு சிம்மக்கல்லில். நான் பசுமலையில் இங்கிலீஷ் டீச்சர். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் மண்டைக்கனம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வந்த தந்தி எங்களுக்கே. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியாயிற்று. திருச்சியில் வேலை பார்த்த அவர் மட்டும் லீவு கிடைக்காமல் அன்று பஸ்ஸில் வர வேண்டும். தந்தியில் இரண்டே சொல், கீழே அவர் பெயர்: “டிடெயின்ட் திண்டுக்கல்.”

தாமதம் என்றால் ‘டிலே’ என்றுதான் நான் பாடம் நடத்தியிருந்தேன். ‘டிடெயின்ட்’ என்ற சொல்லைப் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறேன், போலீஸ் பிடித்து அடைத்தவர்களைப் பற்றிய செய்திகளில். அவரோ கதர் கட்டுகிறவர்.

“பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க அய்யா” என்றேன். என்னைப் பெற்ற அய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருவே வாசலில் கூடிவிட்டது.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். “முகூர்த்தம் தப்பக் கூடாது மச்சான். என் மவன் சும்மாதான இருக்கான்.”

உண்மைதான். மூன்று வருஷமாகச் சும்மாதான் இருந்தான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ! அவரை நான் பார்த்ததே ஒருமுறைதான். “என்னைக்கு வெளிய வந்தாலும் அவருதேன். நான் காத்திருக்கேன் மாமா” என்றேன். மாமியாராக வரப்போகிறவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

விடிந்ததும் வாழையிலைக் கட்டு ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. இலைக்கட்டின் மேலிருந்து அவர் குதித்தார், முகமெல்லாம் கரி.

அய்யா ஓடினார். “எப்ப விட்டாங்க மாப்ள?”

“யாரு விடணும் மாமா? பஸ் அடுப்பு கெட்டுப்போயி நிப்பாட்டிட்டாங்க. அதான் தந்தி குடுத்தேனே!”

டிலே என்றால் தாமதம், அவ்வளவுதான். டிடெயின் என்றால் ஏதோ ஒன்று மறித்து நிறுத்தியிருக்கிறது; அது போலீஸாகவும் இருக்கலாம், கரி அடுப்பாகவும் இருக்கலாம். இங்கிலீஷ் டீச்சர் இதைக் கற்றுக்கொண்டது மணக்கோலத்தில். தியாகி விடுதலையாகி வந்துவிட்டார் என்று மாலையோடு ஓடி வந்த இரண்டு பேருக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

அந்தத் தெருவில் இப்போது வரிசையாக மொத்த வியாபாரக் கடைகள். போன மாதம், இப்போது நான் குடியிருக்கும் தெருவில், எனக்கு ஒரு தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் காலம் மாதிரி யாராவது என்னவென்று கேட்க வருவார்களா என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். எந்தக் கதவும் திறக்கவில்லை. உள்ளே வந்து, தனியாகப் படித்துக்கொண்டேன்.