யாருக்கு என்று கேட்டவள்

மேகலா இறந்த செய்தி எங்கள் மருந்தாளுநர்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, தூக்க மாத்திரை விற்பனையை எப்படிப் பதிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. கீழே, ஏதோ இருமல் மருந்துக்குச் சலுகை விளம்பரம். ஒருவர் மூன்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. மேகலாவாக இருந்தால் சிரித்திருப்பாள்.

மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதுவது போலிருந்தது. டிப்ளமோ வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் பூந்தமல்லிப் பக்கம் அரசு வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன். அவள் திருமழிசை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் கடைசிவரை நின்றாள். உங்களில் பலருக்கு அவள் ‘மெடிக்கல் அக்கா’. நரம்பு சுருட்டிக்கொண்ட ஒரு காலை மரப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்கில் சரிகிற கண்ணாடியைப் புறங்கையால் தள்ளியபடி நிற்பாளே, அந்த மேகலாவைத்தான் சொல்கிறேன்.

காய்ச்சல் என்று போனால் நாலு விதமான மாத்திரைகளைக் கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். மருந்துச் சீட்டும் வேண்டாம், மாத்திரையின் பெயரும் தெரியாது. நம் பக்கத்தில் அதற்கு ‘செட்டு’ என்று பெயர். ஒருநாள் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் கேட்டார்.

“அக்கா, ஜுரத்துக்கு ஒரு செட்டு குடு.”

“யாருக்கு?”

“யாருக்கா இருந்தா இன்னா? மாத்திரதான கேக்கறேன்.”

“யாரு வாய்க்குள்ள போறோம்னு மாத்திரைக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தெரியணும்.”

“ஊட்டுக்காரிக்கு. மாசமா கீது.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீ இப்பதான கேட்ட?”

அந்தப் பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செட்டு கொடுக்கவில்லை. காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்து, காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லி அனுப்பினாள். எல்லோரும் அப்படி அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனதில்லை. பாதிப் பேர் முறைத்துக்கொண்டு எதிர்க் கடையில் செட்டு வாங்கினார்கள். இவள் இங்கிருந்தே பார்த்துக்கொண்டு நிற்பாள். முனகித் தீர்ப்பாள். மறுநாளும் யாருக்கு என்றுதான் கேட்பாள்.

ஒருமுறை நாங்கள் இருவரும் நகரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனோம். இனி மருந்தாளுநர்கள் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் மட்டுமல்ல, மக்களின் முதல் ஆலோசகர்கள் என்று மேடையில் பேசினார்கள். மேகலா எழுந்து, “சொல்றோம் சார். சொல்லிக்கினு இருக்கும்போது கவுண்டர்ல யாரு நிப்பாங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி என்றார் அதிகாரி. அத்தோடு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில், “நல்ல கேள்வின்னா பதில் கெடையாதுன்னு அர்த்தம்டி” என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

பிறகு வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுக்கும் காலம் வந்தது. தள்ளுபடியில் வாங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வந்து, “அக்கா, இத சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டவர்கள் உங்களிலேயே இருக்கக்கூடும். கடை முதலாளி முகம் சுளிப்பார். “ஜனம் மாத்திரய எங்க வேணா வாங்கும். கேக்கறதுக்கு எங்க போவும்?” என்பாள் அவள். அலுத்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் பெட்டியை வாங்கிப் படித்துப் பார்ப்பாள்.

புதிதாகக் கடை வைக்க இருந்த ஒருவர் ஒரு சமயம் அவளிடம் வந்தார். அவளுடைய மருந்தாளுநர் சர்டிபிகேட்டை மட்டும் கடையில் மாட்டிக்கொள்கிறேன், வீட்டில் இருந்தபடியே மாதச் சம்பளம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஊரில் நடக்காத வழக்கம் ஒன்றுமில்லை. கடைச் சுவரில் தொங்கிய, போட்டோ ஒட்டிய அந்தச் சர்டிபிகேட்டைச் சுட்டிக்காட்டி மேகலா சொன்னாளாம்: “செத்தவங்களத்தான் சொவுத்துல மாட்டிட்டு ஆளு இல்லாம யாவாரம் பண்ணணும். நான் இன்னும் கீறேன்.”

அவள் காரியம் முடிந்த மறுவாரம் கடை முதலாளி எனக்குப் போன் செய்தார். மருந்தாளுநர் இல்லாமல் கடையைத் திறக்கக் கூடாது. ஷட்டர் இறங்கியே கிடந்தது. நேரில் போனேன். உள்ளே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மேகலாவின் படம், மாலையோடு. வேறு நல்ல படம் கிடைக்கவில்லையாம், சர்டிபிகேட்டில் இருந்த போட்டோவையே பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

“மேடம், உங்க சர்டிபிகேட்டு ஊட்ல சும்மாதான கீது? அத்த குடுத்தீங்கன்னா மாட்டிக்கறேன். நீங்க வரவே வேணாம். ஆளுங்க பாத்துப்பாங்க” என்றார் அவர். கெட்ட மனிதரில்லை. கடை மூடிக் கிடக்கிற கவலை அவருக்கு. ஆனால் ஆள் இல்லாத கவுண்டரில் என்ன விற்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்க் கடை இரண்டாகும், அவ்வளவுதான்.

எனக்கு முட்டி வலி. இனி மாத்திரை அட்டையைத் தொடவே மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவைத்தவள் நான். படத்தைப் பார்க்கப் பார்க்க மேகலா மேல் கோபம்தான் வந்தது. பாவி, என்னை இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டாளே.

“சர்டிபிகேட்டு தனியா வராது. கூட நானும் வருவேன். உக்கார ஒரு ஸ்டூல் மட்டும் போடுங்க” என்றேன்.

கடை உரிமத்தில் மருந்தாளுநர் பெயர் மாற்றும் வேலையெல்லாம் முடிந்து கடை திறந்த அன்று, ஒருவர் வந்து செட்டு கேட்டார். யாருக்கு என்றேன். மாலை போட்ட படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீயும் கேக்க ஆரம்பிச்சிட்டியா?” என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் இவள் இதைப் பார்த்துக்கொண்டு எப்படித்தான் நின்றாளோ.

அடுத்து ஒரு பெண். அவளிடமும் கேட்டேன். “எனக்குத்தாம்மா” என்றாள். நிற்க முடியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு காலை அந்த மரப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, என்ன செய்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

மேகலா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தையும் இந்தக் கால் வலியும்தான்.