பெரியப்பாவுக்குத் தெரியாத ஒரு ஓட்டு

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. அட்டை மறைப்புக்குப் பின்னால் ஓட்டுக் குத்திவிட்டு வருகிறவர், சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவதற்குள், அவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று சொல்லிவிடுவார். கேட்டால், "மூஞ்சிலயே எழுதிக் கீது" என்பார். எழுதியிருந்தால் எனக்கும் தெரிய வேண்டுமே! நானும் எத்தனையோ முகங்களை உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். மூக்கும் கண்ணும்தான் தெரியும்.

மற்ற நாட்களில் அவர் அடையாறில் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த மனுஷர். தேர்தல் வந்தால் ஆளே மாறிவிடுவார். கட்சியின் பூத் ஏஜெண்டாக, மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில், மாநகராட்சிப் பள்ளிக்கூட பெஞ்சில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். நம் கட்சிக்குப் போட்ட பெயருக்கு வட்டம், போடாத பெயருக்குப் பெருக்கல் குறி. சாயங்காலம் அவர் சொல்லும் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று ஆற்றங்கரையில் எங்கள் சந்தே வாயைப் பிளக்கும். சாமியாடிகளுக்குக்கூட அத்தனை மரியாதை கிடையாது. அவர் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

தொண்ணூறுகளில் நடந்த ஒரு தேர்தல் அது. எனக்கு எட்டு வயது. அந்தத் தடவை கட்சியின் வட்டச் செயலாளர் சந்துக்கு வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். குடிசைகளுக்குப் பதில் கட்டித் தரப்போகும் வீடுகளுக்குப் பட்டியல் தயாராகிறதாம். ஓட்டை மாற்றிப் போடும் வீடு எதுவோ, அதன் பெயர் பட்டியலில் இருக்காதாம். அடையாளம் காட்ட வேண்டியவர் பெரியப்பா. அன்றிலிருந்து சந்தில் எல்லோரும் அவரைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

ஓட்டுப் போடும் அன்று அம்மா விடிந்ததுமே போட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். விரலில் மை வைத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, தடுக்கவில்லை. மறைப்புக்குள் பெரியம்மா சீட்டை விரித்தாள். எங்கள் சின்னம் எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக் கதவிலேயே அதுதான் இருந்தது. பெரியம்மாவின் கை அதைத் தாண்டிக் கீழே போனது. எதிர்க்கட்சியின் சின்னத்துமேல் முத்திரையை வைத்து, இட்லி மாவு ஆட்டும் குழவியை அழுத்துவதுபோல ஓர் அழுத்து அழுத்தினாள்.

என்ன சேலை கட்டுவது என்பதைக்கூடப் பெரியப்பாவைக் கேட்கிற பெரியம்மா!

அந்தக் கட்சி வேட்பாளரை எனக்கும் தெரியும். போன மழையில் ஆறு வீட்டுக்குள் புகுந்தபோது எங்கள் கட்சிக்காரர்கள் மேட்டிலேயே நின்று சத்தம் போட்டார்கள். அவர்தான் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் அதற்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றவில்லை.

பெட்டியை நோக்கி நடந்தோம். பெஞ்சிலிருந்து பெரியப்பா நிமிர்ந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். தொலைந்தோம், வீடு போச்சு என்று நினைத்தேன். அவர் பென்சில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு குறி போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அழகான வட்டம்.

சாயங்காலம் வட்டச் செயலாளர் நான்கைந்து பேரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சந்தே கூடிவிட்டது.

"சொல்லு நைனா. நம்ம சந்துல எத்தினி ஓட்டு அந்தாண்ட போச்சு?"

"ரெண்டு" என்றார் பெரியப்பா.

"ஒண்ணு டீக்கடைக்காரன். அவன் கொடி கட்டிக்கினு சுத்தறவன், சொந்த வீடு வேற வச்சிக்கீறான், வுடு. இன்னொண்ணு யாரு? லிஸ்ட்டுல குறியே காணோம்?"

பெரியம்மா அடுப்படியில் நிமிராமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரில" என்றார் பெரியப்பா.

"இன்னாது? உனுக்கே தெரிலயா?"

"கண்ணு முன்ன மாதிரி இல்லபா. மூஞ்சி செரியா தெரில."

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். "பெருசுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்றான். வட்டச் செயலாளர் சிரிக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, பெரியப்பா கையிலிருந்த பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். பெரியப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரை இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் மடியில் ஏறி, காதோடு சொன்னேன்: "பெரிப்பா, அந்த இன்னொரு ஓட்டு யாருதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"உனுக்கும் ஒண்ணியும் தெரியாது, எனுக்கும் ஒண்ணியும் தெரியாது. போய்த் துன்னு."

பெரியம்மா சோறு போட்டாள். பெரியப்பாவின் தட்டில் ஏன் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஊரே மலைத்து நின்ற எங்கள் பெரியப்பாவுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டதே என்று, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.