மூத்தோர் பிரிவில் மூன்றாம் இடம்

லிஃப்ட் மெக்கானிக் ஐந்து வருடமாக உடற்பயிற்சிக் கூடத்தில், படகு வலிப்பதுபோல் இயங்கும் துடுப்பு இயந்திரத்தில் மாங்கு மாங்கென்று இழுத்துவந்தார். அதே இயந்திரத்தில் நடந்த போன வருடப் போட்டியில், ஐம்பதைத் தாண்டியவர்களின் கனத்த எடைப் பிரிவில், இரண்டாயிரம் மீட்டரை எட்டு நிமிடம் பத்து நொடியில் முடித்தும் முப்பத்தொன்றாவது இடம்தான் கிடைத்தது.

இந்த வருடம் அரை நிமிடம் கூடுதலாகவே பிடித்தது. ஆனால் அவருக்கு அறுபது முடிந்திருந்தது. எண்பத்திரண்டு கிலோ எழுபத்தொன்றாக இறங்கியிருந்தது. மூத்தோரின் குறைந்த எடைப் பிரிவில் மூன்றாம் இடம் வந்தார்.

"எப்படிண்ணே இவ்வளவு எடையைக் குறைச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க," என்றார் பயிற்சியாளர்.

அவர் எதையும் குறைக்கவில்லை. உடம்பு தானாகக் கரைந்துகொண்டிருந்தது. வயிற்றுக் கட்டி வெட்டியெடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் போன வாரம்தான் கையை விரித்திருந்தார்.

"நானா ஒண்ணும் செய்யலப்பா," என்றார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்.

வீட்டில் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். "அடுத்த வருஷம் நீங்க..." என்று ஆரம்பித்தவள், முடிக்கத் தெரியாமல் தட்டை எடுத்துவைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். அதற்கு மேல் இறங்கவில்லை.