அப்பா செய்த ஆசனமும் நான் சொன்ன பாவமும்

என் முதல் பாவசங்கீர்த்தனத்தில் நான் முதலில் அப்பாவின் பாவத்தைத்தான் சொன்னேன். கோயிலில் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடம், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது எங்கள் கத்தோலிக்க வழக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கணக்கில் இருந்ததெல்லாம் வெல்லம் திருடியதும் தம்பியைக் கிள்ளியதும்தான். அப்பா செய்துகொண்டிருந்ததோ மிகப் பெரிய பாவம். பெரியதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. அப்பா பஸ் டிரைவர். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்பும் ஒரு தனியார் வண்டியை ஓட்டினார். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது அந்தக் காலத்து ஸ்டியரிங்கைத் திருப்ப வெறும் கை போதாது, தோளும் இடுப்பும் சேர்ந்து உழைக்க வேண்டும். வளைவில் அப்பா வண்டியைத் திருப்பும் அழகைப் பார்க்கவென்றே நான் இன்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டுக்கு அடம்பிடிப்பேன். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

அந்த இடுப்புதான் பிடித்துக்கொண்டது. சீட்டிலிருந்து இறங்க கண்டக்டர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரி மாத்திரை, முதுகு முழுக்கப் பிளாஸ்திரி, எல்லாம் ஆயிற்று. ஒகேனக்கல்லில் பாறைமேல் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் அப்பாவைத் துணி துவைக்கிற மாதிரி அடித்துத் துவைத்துப் பார்த்தார்கள். அரை நாள் சுகம், மறுபடி பழைய கதை. கடைசியில் பஸ் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் சாயும். அன்னிக்கு நாலு டிரிப் அடிக்கணும். உன்னால முடியும்னா சொல்லு, இல்லீனா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வேறு ஆள் வந்தால் பிறகு அவன்தான் டிரைவர். இதை அம்மா எங்களுக்கு விளக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது.

பென்னாகரம் உயர்நிலைப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் தினமும் அப்பாவின் வண்டியில்தான் வருவார். அவருக்கும் ஒரு காலத்தில் இதே வலி இருந்து, ஆசனம் செய்து சரியானதாம். ஒரு நாள் கெட்டித் தாளில் பத்துப் படம் போட்டுக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எத்தனை மூச்சு நிறுத்த வேண்டும் என்று குறிப்பு. படத்தில் இருந்த ஆளுக்குக் கோவணம் இருந்தது, முகம் இல்லை. முதல் படத்தில் அவன் கைகூப்பி நின்றான். எதிரே கதிர் விரித்த சூரியன். காலையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு வரி எழுதியிருந்தால் போதும். டிராயிங் மாஸ்டருக்கு வரைந்தால்தான் திருப்தி.

அந்தச் சூரியனை அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நம்ம வேதத்துக்கு ஆவுமா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“என்னையக் கேட்டா எனக்கென்னங்க தெரியும்? சாமியாரக் கேளுங்க.”

அப்பா தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தார். “நாப்பத்திரண்டு வயசாச்சு. இந்த வயித்த வச்சிக்கிட்டு நான் எங்க குனியறது? ஊருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

“சிரிக்கறவங்க வந்து வண்டி ஓட்டுவாங்களா?” என்று கேட்டுவிட்டு அம்மா குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் விடியும்போதே அப்பா கோரைப்பாயை விரித்தார். எங்கள் வீட்டில் ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுக்க இடமிருந்தது சாமி படம் மாட்டியிருந்த அறையில் மட்டும்தான். இயேசுவின் திரு இருதயப் படம், முன்னால் ஒரு சின்ன பல்பு. அப்பா வாசல் கதவைத் தாழிட்டார். சட்டையைக் கழற்றினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, சாமி படத்தின் மேல் போட்டு, முகம் தெரியாமல் மூடினார்.

எனக்குத் திக்கென்றது. தவக்காலத்தின் கடைசியில், இயேசு பாடுபட்டு இறந்ததை நினைக்கும் நாட்களில் மட்டும்தான் கோயிலில் சுரூபங்கள் எனும் சாமி சிலைகளை ஊதாத் துணி போட்டு மூடுவார்கள். ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்பா சாமியை மறுபடியும் பாடுபட வைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஆனாலும் வேடிக்கை பார்ப்பதை நான் விடவில்லை. கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னது படம். அப்பாவின் கை முழங்காலைத் தாண்டி ஒரு சாண் இறங்குவதற்குள் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. நான் பக்கத்தில் போய் டக்கென்று குனிந்து உள்ளங்கையையே தரையில் வைத்துக் காட்டினேன். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போது தம்பி ஓடிவந்து அவர் முதுகில் ஏறி, “ரைட், போலாம்” என்று விசில் அடித்தான். அம்மா அவனைக் காதைப் பிடித்து இழுத்துப் போனாள். பக்கத்து வீட்டு அக்கா மோர் வாங்க வந்தபோது உள்ளிருந்து உஸ் உஸ்ஸென்று மூச்சுச் சத்தம். “அது அவரு கொறட்டைங்க்கா” என்று அம்மா கூசாமல் சொன்னாள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அப்பா பாயில் சும்மா உட்கார்ந்துவிட்டார். “எனக்கெதுக்கு இந்தக் கோமாளித்தனம்?” என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, “நேத்து கண்டக்டரு கையப் புடிக்காம எறங்குனீங்களாமே? அவரு சம்சாரம் சொல்லுச்சு” என்றாள். அப்பா படுத்துக் காலைத் தூக்கினார். ஒரு நாள்கூட விடாமல் செய்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். அதை இன்று நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அன்று எனக்கிருந்த கவலையே வேறு.

அந்தக் கவலையைக் கொடுத்தவர் ஞானோபதேச வகுப்பு எடுத்த சிஸ்டரம்மா. கோடை விடுமுறையில் எங்களைப் புதுநன்மைக்குத் தயார்செய்தார். கோயிலில் நன்மை என்கிற அப்பத்தை முதன்முதலாக வாங்கும் நாள்தான் புதுநன்மை. அதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம். பாவங்கள் இரண்டு வகை என்றார் சிஸ்டரம்மா. அற்பப் பாவம், சாவான பாவம். சாவான பாவத்தோடு செத்தால் நேராக நரகம். கடவுளை விட்டுவிட்டுச் சூரியனையும் சந்திரனையும் கும்பிடுவது எந்த வகை என்று கேட்டார். வகுப்பே சேர்ந்து, “சாவான பாவம்” என்று கத்தியது. நான் மட்டும் டிராயிங் மாஸ்டரின் சூரியனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, சனிக்கிழமை மாலை, கம்பித் தடுப்பின் முன் மண்டியிட்டதும் கொட்டிவிட்டேன்.

“சாமி, எங்கப்பா தெனம் காலைல சூரியனக் கும்புடறாருங்க. சாமி படத்தத் துண்டு போட்டு மூடிட்டுக் கும்புடறாருங்க.”

 உள்ளே சாமியார் இருமினார்.

“உங்கப்பா பாவம் இருந்தா உங்கப்பா வந்து சொல்லிக்குவாரு. நீ உன்னோடதச் சொல்லும்மா.”

வெல்லத்தையும் தம்பியையும் சொன்னேன். அபராதமாக, மாதாவை வேண்டும் அருள் நிறை மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். நான் நகரவில்லை. “எங்கப்பாவுக்குங்க, சாமி?” என்று கேட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. “அவருக்கும் ஒரு மூணு சொல்லிக்க, போ” என்றார்.

மறுநாள் வெள்ளை கவுனும் தலையில் வலையுமாக நான் பீடத்தருகே மண்டியிட்டு நன்மை வாங்கினேன். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் இருவரும் கூடவே வந்து வாங்கினார்கள். எனக்கு அம்மா மட்டும். அப்பா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, “முட்டி போட முடியலம்மா, முதுகு” என்றார். சில வாரங்களாகவே அவர் நன்மை வாங்கப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றபடி முதுகு தேறிக்கொண்டுதான் வந்தது.

சாமியார் சொன்ன மூன்று மந்திரத்தை எங்கே சொல்வது என்று அவர் சொல்லவில்லை. பாவம் நடக்கும் இடத்திலேயே சொன்னால்தான் பலிக்கும் என்று நானாக முடிவுசெய்தேன். தவிர, பாவம் தினமும் நடந்தது, ஒரு தடவை சொல்லி எப்படித் தீரும்? திங்கட்கிழமை காலை அப்பா துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினால், பாயின் தலைமாட்டில் நான் மண்டியிட்டுக் கைகூப்பி உரக்க மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கை இரண்டும் கூப்பிய இடத்திலேயே நின்றுவிட்டன.  மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். வேடிக்கை என்னவென்றால் படத்தில் குறித்திருந்த மூச்சுக்கணக்கை விட்டுவிட்டு, முதல் மூன்று ஆசனங்களில் ஒவ்வொன்றிலும் என் ஒரு மந்திரம் முடியும்வரை இருக்க அவர் பழகிக்கொண்டார். நான் வேகமாகச் சொன்னால் சீக்கிரம் எழுந்துவிடுகிறாரே என்று நான் இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

நாலைந்து நாள் கழித்து, மல்லாந்து படுத்தபடி கேட்டார்.

“இங்க வந்து மந்திரம் சொல்லச் சொன்னது யாரு பாப்பா?”

பாவசங்கீர்த்தனத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று சிஸ்டரம்மா மிரட்டியிருந்தார். பொய்யும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த ஒரே பதிலைச் சொன்னேன்.

“சாமியாருதாம்ப்பா.”

“எனக்காகவா?”

“ம்.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்தேன். பிறகு எழுந்துபோய்ப் படத்தின் மேலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாமி பார்க்கப் பார்க்க, முதல் படத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.  மனுஷனுக்கு இருந்த கொஞ்சம் கூச்சமும் போய்விட்டது, இனி மூன்று மந்திரம் போதாது என்று நான் ஆறாக்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் அப்பா எழுந்து வரிசையில் நின்றார். பீடத்தருகே எல்லோரையும்போல் மண்டியிட்டு நன்மை வாங்கினார். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பரவாயில்லையே, முட்டி போட வருகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. காவிரியில் புதுவெள்ளம். பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லை. நான் இன்ஜின் பக்கத்தில் தேங்காய்ப் பைகளோடு பையாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அப்பா தோளைச் சாய்த்து, இடுப்பைத் திருப்பி, வண்டியை வளைத்தெடுத்தார். எதிரே ஏறிவந்த லாரிக்காரன் வழிவிடாமல் நின்றபோதும் பதறாமல் பின்னால் எடுத்து, ஓரம் கட்டி, மறுபடி திருப்பினார். பின்சீட்டுக் கிழவர் ஒருவர், “ஓட்டறது யாருப்பா, பூப்போல எறக்கறானே” என்றார். நாலு டிரிப் முடிந்து, அப்பா யார் கையையும் பிடிக்காமல் குதித்தே இறங்கினார். முதலாளி வேறு ஆளைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அப்படி ஒரு டிரைவரை நான் பிறகு எந்த மலையிலும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு, பரிசல்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு அப்பா சாமியார் பங்களாவுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். வழியெல்லாம் நான் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.

“எதுக்குய்யா இவ்ளோ பெரிய மீனு?”

“பாப்பாகிட்டச் சொல்லி உட்டீங்களே சாமி, அதுக்குத்தானுங்க. ஆசனம் பண்ணி முதுகு நல்லாயிருச்சுங்க. நீங்க சொல்லலீன்னா எனக்குத் தைரியமே வந்திருக்காதுங்க.”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். “கெண்டையா, வாளையா?” என்று கேட்டார்.

“கெண்டைங்க, சாமி.”

“நல்ல மீனு” என்று வாங்கிக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். கேட்டதை வெளியே சொல்ல அவருக்கும் அனுமதியில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எழுபது வயதைத் தாண்டியும் அப்பா ஆசனத்தை விடவில்லை. ஒரு நாள் கேட்டேன், “அப்பவே போயி நீயே சாமியாரக் கேட்டிருக்கலாமேப்பா? நன்மை வாங்காம எதுக்கு அத்தன வாரம் பெஞ்சுல ஒக்காந்திருந்த?”

“கேட்டு, வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா? அப்பறம் நான் உட்டுத்தான் ஆவணும். வண்டிய யாரு ஓட்டுவா, உங்களுக்கு யாரு சோறு போடுவா?” என்று சொல்லிவிட்டு அவர் காலை நீட்டிக் குனிந்தார்.

அது பாவம் என்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான் நம்பினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரும் நம்பியிருக்கிறார்; சாவான பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்றுதான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். நரகம் உறுதி என்று நினைத்துக்கொண்டேதான் விடியற்காலையில் பாயை விரித்து, எங்கள் சோற்றுக்காகப் பல்லைக் கடித்துக் குனிந்திருக்கிறார். ஒன்பது வயதில் எனக்கு அது புரியவில்லை. அந்த மனுஷனை மோட்சத்துக்கு அனுப்ப அவர் தலைமாட்டில் மண்டியிட்டு நான் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.